விசிலில் வாய் வைத்தவர்கள்

டிப்போவில் அவருக்கு விசிலார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும், அவரும் மறந்திருந்தால் ஆச்சரியமில்லை. பஸ் கண்டக்டர் வேலை. கழுத்தில் கறுப்புக் கயிறு, கயிற்றின் முனையில் பித்தளை விசில். ஒரு தடவை ஊதினால் வண்டி நிற்கும், இரண்டு தடவை ஊதினால் கிளம்பும். மனுஷனுக்கு இதற்கு மேல் என்ன ஞானம் வேண்டும் என்பது அவருடைய கட்சி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், “ஏறலாம்னு பார்த்தேன், வண்டி கிளம்பிடுச்சு” என்பார். சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. அறைக்குக் குறுக்கே ஒரு கம்பி, கம்பியில் வெளிர்நீல யூனிஃபார்ம் சட்டைகள். அவ்வளவுதான் குடித்தனம்.

அந்த விசிலை இன்னொருவர் தொட விடமாட்டார். ஒருநாள் டிரைவர் விளையாட்டாகக் கையை நீட்டியதற்கு ஒரு வாரம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படிப்பட்ட விசிலைத்தான் தம்பி மகள் தினமும் காலையில் எச்சில் வழிய வழிய ஊதினாள். அது தம்பிக்குத் தெரியாது. தெரிந்தால் வீடு இரண்டாகியிருக்கும்.

தம்பி சலவைக் கடை வைத்திருந்தான். துணியில் ஒரு கறையைக் காட்டினால் போதும், அது டீயா, துருவா, பேனா மையா என்று சொல்வான். யார் மேல் எதை ஊற்றியிருப்பார்கள் என்பதையும் சேர்த்தே சொல்வான். அண்ணனுக்குச் சட்டம் என்றால் உயிர், தம்பிக்கு மூக்கின் மேல் கோபம். இந்த இரண்டும் ஒரே பஸ்ஸில் ஏறியதுதான் வினை.

குழந்தை பிறந்த புதிது. மனைவி, கைக்குழந்தை, மாமனார் எல்லோரையும் கூட்டிக்கொண்டு தம்பி அண்ணனின் பஸ்ஸில் ஏறினான். “எங்கண்ணன் வண்டிதான், கால நீட்டி உக்காருங்க” என்று மாமனாரிடம் பெருமை வேறு. விசிலார் வந்தார். “டிக்கெட்?” என்றார். தம்பி சிரித்தான். அண்ணன் சிரிக்கவில்லை. ஒரு விசில். வண்டி நின்றது. வெளியே மழை கொட்டுகிறது. “வாங்கறியா, இறங்கறியா?”

தம்பி இறங்கினான். மாமனாரும் குடையில்லாமல் இறங்கினார். நனைந்துகொண்டே தம்பி கத்தினான்: “இன்னையோட நீ யாரோ, நான் யாரோ! எம் பொண்ணு பக்கம் உன் நிழல்கூடப் படக்கூடாது!” அதற்கு விசிலார் ஒரு வார்த்தை மன்னிப்பாகச் சொல்லியிருக்கலாம். சரி, ஒரு வார்த்தை திட்டியாவது இருக்கலாம். மனுஷர் செய்தது, இரண்டு விசில். வண்டி கிளம்பிவிட்டது. திட்டைக்கூடப் பொறுத்திருப்பான், அந்த இரண்டு விசிலைத்தான் தம்பியால் பொறுக்கவே முடியவில்லை. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போகிற வயது வந்தபோது, தம்பி மனைவி எத்தனையோ பஸ்களை விட்டுவிட்டு அந்த பஸ்ஸுக்கே வந்து நின்றாள். சரியான சில்லறையை நீட்டி டிக்கெட் வாங்கிக்கொண்டாள். “பெரியப்பாவுக்கு வணக்கம் சொல்லு” என்றாள். பாப்பா வணக்கம் சொல்லவில்லை, விசிலைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொண்டது. பஸ்ஸே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. விசிலார் உருகி ஓடிவிட்டார்.

அதற்கப்புறம் அந்த நிறுத்தத்தில் வண்டி கிளம்புவது பாப்பா ஊதித்தான். எச்சில் கலந்த கொரகொர விசில். டிரைவர் கண்ணாடியைப் பார்க்காமலே, “மேலதிகாரி ஏறியாச்சு போல” என்று கியரைப் போடுவார். வீட்டில் பெரியப்பா என்ற பேச்சே வாயில் வரக்கூடாது, பஸ் என்றுதான் சொல்ல வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள். “பஸ் இன்னிக்கு எனக்கு முத்தம் குடுத்துச்சு” என்று பாப்பா சொல்வாள். “எம் பொண்ணுக்கு என்னா கற்பனை!” என்று சலவைக்காரன் வாடிக்கையாளர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டான்.

ஒருநாள் காலையில் தம்பி மனைவி பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாள். “ராத்திரிலேர்ந்து காய்ச்சல் மாமா. வாந்தி வேற. ரெண்டு ஸ்டாப் தள்ளி டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடறேன்.”

விசிலார் விசிலை நீட்டினார். பாப்பா அதைத் தள்ளிவிட்டாள். ஜன்னல் வெயில் முகத்தில் பட்டதும் வீரிட்டு அழுதாள். “இங்க பாரு, உன் ஷூல ஒரு பூச்சி” என்று குனிய வைக்கப் பார்த்தார். கழுத்து மடங்கவில்லை, கட்டையாக நின்றது. பாவாடைக்குக் கீழே கால்களில் ஊதா நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள்.

டிரைவர் இருக்கைக்குப் பின்னால் சுகாதாரத் துறை ஒட்டிய மூளைக்காய்ச்சல் விளம்பரம் ஒன்று வருஷக்கணக்காக இருந்தது. கூட்டத்தில் நசுங்கி நிற்கும்போதெல்லாம் கண்ணுக்கு நேரே இருப்பது அதுதான். அதிலிருந்த ஒவ்வொரு வரியும் இப்போது இந்தக் குழந்தையின் மேல் இருந்தது. கடைசி வரி, கண்ணாடி டம்ளரால் புள்ளியை அழுத்திப் பார்க்கச் சொன்னது, மறையாவிட்டால் உடனே பெரியாஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னது. டிரைவரின் டீ டம்ளரை எடுத்து, மிச்ச டீயை ஜன்னல் வழியே வீசி, பாப்பாவின் காலில் வைத்து அழுத்தினார். கண்ணாடிக்கு அடியில் தோல் வெளுத்தது. புள்ளி வெளுக்கவில்லை.

உடனே ஊதினார் பாருங்கள், ஒன்றுமில்லை, இரண்டுமில்லை, நிறுத்தாமல் ஊதினார்.

“யோவ், நிக்கணுமா, போகணுமா?” என்று அலறினார் டிரைவர்.

“பெரியாஸ்பத்திரிக்கு விடுய்யா! எங்கயும் நிக்காத!”

“அது நம்ம ரூட்டே இல்லையே!”

“ரூட்டாவது மண்ணாவது!”

சட்டம் பேசிச் சொந்தத் தம்பியை மழையில் இறக்கிவிட்ட மனிதர் சொன்ன வாக்கியம் இது. டிரைவர் ஒரு கணம் கண்ணாடியில் பார்த்தார், ஸ்டீயரிங்கை ஒடித்தார். அதற்கப்புறம் அந்த பஸ் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. நிறுத்தங்களில் கை காட்டியவர்கள் காட்டிய கையோடு நின்றார்கள். “என் ஸ்டாப்பு போயிடுச்சே!” என்று எழுந்த குடைக்காரர் விஷயம் தெரிந்ததும் அந்தக் குடையையே ஜன்னலுக்கு வெளியே நீட்டி முன்னால் போன கார்களை விரட்டினார். பின்படிக்கட்டில் தொங்கிய கல்லூரிக் கூட்டம் தொண்டை கிழிய சைரன் ஊளையிட்டது. காய்கறிக்காரம்மா தன் கூடையின் ஈரச் சாக்கைப் பிடித்துப் பாப்பா முகத்துக்கு நிழல் கொடுத்தாள். ஆஸ்பத்திரி வாசலில் முகப்புக் கூரை தாழ்வு என்பதை யாரும் யோசிக்கவில்லை. பஸ்ஸின் தலை அதில் சொருகி, ஆஸ்பத்திரிப் பெயர்ப் பலகையில் பாதி கழன்று தொங்கியது. வண்டி நின்றுவிட்டதல்லவா, அதுதான் முக்கியம்.

டாக்டரம்மா கேள்விகூட முழுதாகக் கேட்கவில்லை. கையில் ஊசி ஏறியது, மருந்து ஏறியது, முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். மூளையைச் சுற்றியிருக்கும் உறையில் பாக்டீரியா புகுந்திருக்கிறது, மூளைக்காய்ச்சலிலேயே மோசமான வகை என்றார்கள். “மருந்து சீக்கிரம் ஏறினதுதான் நல்லது. இப்போதைக்கு வேறெதுவும் சொல்ல மாட்டேன்” என்றார் டாக்டரம்மா.

சலவைக்காரன் பதறியடித்து ஓடி வருவதற்குள் விசிலார் ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டார். “இப்ப சொல்லிடாதம்மா” என்று தம்பி மனைவியிடம் கெஞ்சியிருந்தார். “என்னை வரக்கூடாதுன்னுட்டான்னா, குழந்தைய தூரத்துலேர்ந்துகூடப் பார்க்க முடியாது.” அவள் கணவனிடம், “பஸ் கண்டக்டரு யாரோ, வண்டியையே நேரா இங்க திருப்பிட்டாரு” என்று மட்டும் சொன்னாள். எந்த பஸ் என்று கேட்டதற்கு, “நம்பரெல்லாம் யாரு பார்த்தா?” என்று அழுதாள்.

நர்ஸம்மா வந்து சத்தமாகச் சொன்னார்: “கூடவே படுத்தவங்க, முத்தம் குடுத்தவங்க, ஒரே டம்ளர்ல குடிச்சவங்க எல்லாரும் மாத்திரை போட்டாகணும். எச்சில்லயும் மூச்சுலயும் பரவற கிருமி. யாரும் மறைக்காதீங்க.”

தூணுக்குப் பின்னால் ஒருவர் கழுத்து விசிலை எடுத்துப் பார்த்தார். நர்ஸம்மா தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் போய் நின்றார். “முத்தம் சரி. விசில்னா அது கணக்குல வருமா?”

“எந்த விசில்?”

கயிற்றிலிருந்து கழற்றிக் காட்டினார். கையுறை போட்ட இரண்டு விரலால் செத்த பல்லியைத் தூக்குவதுபோல் தூக்கி, நர்ஸம்மா அதைக் குப்பைப் பெட்டியில் போட்டார். விசிலார் தடுக்கக் கையைக்கூட நீட்டவில்லை.

“என்கிட்டேயிருந்துதான் அவளுக்குப் போயிருக்குமா?” என்று மட்டும் கேட்டார்.

“நல்லா இருக்கறவங்க தொண்டையிலயே இந்தக் கிருமி குடியிருக்கும், அவங்கள ஒண்ணும் பண்ணாது. யாரு குடுத்தா, யாரு வாங்கினான்னு சாமி வந்தாலும் சொல்ல முடியாது. அதப் போட்டு மண்டைய உடைச்சுக்காதீங்க” என்றார் நர்ஸம்மா. நல்லா இருக்கறவங்க தொண்டையிலயே என்பதோடு விசிலாரின் காது அடைத்துப்போனது. அதனால், மாத்திரையைப் போட்டால் எதெல்லாம் என்ன நிறம் ஆகும் என்று நர்ஸம்மா விளக்கமாகச் சொன்னதும் உள்ளே போகவில்லை.

அதன் பலன் மறுநாள் டிப்போ கழிப்பறையில் தெரிந்தது. உள்ளேயிருந்து வந்த அலறலைக் கேட்டு மெக்கானிக்குகள் ஸ்பானரோடு ஓடினார்கள். “என் உயிரே கரைஞ்சு போகுதுய்யா, ஆரஞ்சு ஜூஸ் மாதிரி!” என்று வெளியே வந்து டிரைவரின் தோளில் சாய்ந்து அழுதார். அழுத கண்ணீரும் ஆரஞ்சு. டிரைவர் தன் தோளைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டார். மாத்திரைதான் காரணம், தானே சரியாகிவிடும் என்றார்கள். டிப்போவுக்கே இரண்டு நாளைக்குச் சிரிக்க அது போதுமானதாக இருந்தது. ரூட் மாறியதற்கு விளக்கம் கேட்டு மேனேஜர் எகிறினார், எகிறி முடித்ததும் குரலைத் தாழ்த்தி, “குழந்தை எப்படிய்யா இருக்கு?” என்றார்.

குழந்தை கண் திறக்காமல் கிடந்தது. வேலை முடிந்ததும் விசிலார் தூணுக்கு வந்துவிடுவார். தம்பி டீ குடிக்கப் போனால் தம்பி மனைவி தலையசைப்பாள், இவர் ஓடிப்போய் வார்டு கதவின் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பார். தம்பியோ தாழ்வாரத்தில் வருவோர் போவோரிடமெல்லாம் ஒரே பாட்டு: “யாரோ ஒரு கண்டக்டராம். முழு பஸ்ஸையே திருப்பிக் கொண்டுவந்திருக்காரு. அந்தப் புண்ணியவான் எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும். எனக்கும் ஒரு அண்ணன் இருக்கான், கண்டக்டருன்னு பேரு. அவனா இருந்தா காய்ச்சல்ல கிடக்கற குழந்தைகிட்டயும் டிக்கெட் கேட்டிருப்பான்!” தூணுக்குப் பின்னால் புண்ணியவான் வாயைப் பொத்திக்கொண்டு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் குலுங்கினார்.

பிறகு ஒரு காலையில் காய்ச்சல் இறங்கியது. பாப்பா கண் திறந்து அம்மாவைப் பார்த்தாள். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டரம்மா சொன்னதுதான் தாமதம், சலவைக்காரனுக்குத் தலைகால் புரியவில்லை. தரை துடைக்கிறவரைக் கட்டிப்பிடித்தான். டாக்டரம்மாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு, “இந்தக் கோட்ட நான் சாகற வரைக்கும் ஓசியில துவைச்சுத் தர்றேன்!” என்றான். விசிலார் படிகளில் உருண்டு விழாத குறையாக இறங்கி, வெளியே நின்ற டிரைவரைப் பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். டிரைவர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே, “இதுக்கும் மாத்திரை போடணுமாய்யா?” என்றார்.

அந்தக் கும்மாளம் சாயங்காலம் வரைகூட நிலைக்கவில்லை. கூப்பிட்டால் பாப்பா திரும்பவில்லை. அம்மா கை தட்டினாள். அப்பா சாவிக்கொத்தைக் குலுக்கினான். அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளரைக் கண்ணில் காட்டினால் வாயைத் திறந்தாள், சத்தத்துக்கு அசையவில்லை. டாக்டரம்மாவின் முகம் மாறியது. “இந்த நோய் உயிரை விட்டுட்டாலும் சில சமயம் காதைக் கொண்டுபோயிடும். நாளைக்கு மெஷின் வெச்சு டெஸ்ட் பண்ணிடலாம். மயக்கத்துல இருக்கா, அதனாலயும் இருக்கலாம்” என்றார். காது போயிருந்தால் தாமதிக்காமல் அடுத்த வைத்தியத்துக்குப் போக வேண்டுமாம். தம்பி மனைவி தூணுக்கு வந்து இதைச் சொன்னபோது விசிலார் உட்கார்ந்துவிட்டார். விசில் சத்தத்துக்கென்றே பிறந்த குழந்தைக்குக் காது கேட்காதா? அவர் தொண்டையிலிருந்த கிருமி அவர் விசில் வழியாகவே போய் அவள் காதைத் தின்றுவிட்டதா? அன்றைக்கு அவர் அழுத அழுகை முழுவதும் இதற்காகத்தான்.

மறுநாள் தம்பி டீக்கடைக்குப் போனான், பாதி வழியில் சில்லறை எடுக்கவில்லை என்று திரும்பிவிட்டான். வார்டு கதவில் ஒரு முதுகு ஒட்டிக்கொண்டிருந்தது. வெளிர்நீலச் சட்டை. சலவைக்காரன் கண் முதலில் போனது காலருக்கு.

“காலர்ல என்ன அது?”

எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் தம்பி அண்ணனிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். விசிலார் திரும்பித் திருதிருவென்று விழித்தார். “வேர்வை.”

“வேர்வை எங்கயாவது ஆரஞ்சுல வருமா? எனக்கே கத சொல்றியா? என் சட்டையில இதே கறை. எம் பொண்டாட்டி தலகாணி உறையில இதே கறை. எத்தன தடவ அலசியும் போகல. இது அந்த மாத்திரை. எச்சில் பட்டவங்களுக்குக் குடுத்தது. உனக்கு எதுக்குக் குடுத்தாங்க?”

விசிலாரின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அங்கே கயிறு மட்டும் இருந்தது. “விசிலு. தினம் பஸ்ல பாப்பாதான் ஊதுவா.”

“எப்பலேர்ந்து?”

“ஸ்கூல்ல சேர்ந்த நாள்லேர்ந்து.”

முத்தம் கொடுத்த பஸ்ஸும் நிற்காமல் வந்த பஸ்ஸும் தம்பியின் தலைக்குள் மோதிக்கொண்டன. “அப்போ அந்த பஸ்ஸத் திருப்பினது?”

“நான்தான்டா.”

“அடப்பாவி!” என்று பிடித்துக்கொண்டான் தம்பி. “நாலு நாளா நான் ஊர் பேர் தெரியாதவன வாழ்த்திட்டிருக்கேன், தூணுக்குப் பின்னாடி நின்னு வாங்கிட்டிருந்தியா?”

“வாழ்த்தாதடா! நான்தான்டா அவளுக்கு இந்த நோயக் குடுத்தேன். என் தொண்டையிலேர்ந்துதான் போயிருக்கு. என்னை அடிடா!”

“உன் தொண்டையா? தினம் அவ கடிச்ச பிஸ்கட்டத் திங்கறவன் நான்! மூக்கோட மூக்கு உரசி முத்தம் குடுக்கறவன் நான்! என்கிட்டேயிருந்துதான்டா போயிருக்கும்!”

“விசிலு நேரா வாய்க்குள்ள போகும்டா! நான்தான்!”

“பெத்தவன் நான்! நான்தான்!”

“எல்லாத்துலயும் உனக்குப் போட்டியா? நான்தான்னு சொல்றேன்ல!”

“மழையில இறக்கிவிட்ட, பேசாம இருந்தேன்! இதுலயும் நீதான் பெரிய ஆளா? நான்தான்!”

பழைய கோபமெல்லாம் சேர்ந்துகொண்டது. ஒருவன் பஸ் இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகியவன், இன்னொருவன் சலவை இயந்திரத்துக்கு மேல் கத்திப் பழகியவன். மாடியிலிருந்து நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள், இருவர் கன்னத்திலும் ஆரஞ்சுக் கோடு.

அப்போது வார்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மெலிந்த குரல்தான், கோபம் மட்டும் மெலியவில்லை.

“சத்தம் போடாதீங்க! எனக்குத் தல வலிக்குது!”

இருவரும் பிடித்த பிடியிலேயே நின்றார்கள். உள்ளே தம்பி மனைவி கையிலிருந்த டம்ளர் விழுந்து உருண்டது. சலவைக்காரன் அண்ணன் சட்டையை விட்டுவிட்டு, கால் விரல்களில் நடந்து உள்ளே போனான். பாப்பா அப்போதும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, தன் காதுக்கே கேட்காத அளவுக்குத் தணிந்த குரலில் கேட்டான்: “என்ன சொன்ன கண்ணு?”

“மெதுவா பேசுன்னேன்.”

“நேத்து அவ்வளவு கூப்பிட்டோமே, ஏன்மா திரும்பல?”

“எல்லாரும் ஊசி குத்தினீங்க. அதான் யார்கூடவும் பேசல.”

பேசாமல் இருப்பது அந்தக் குடும்பத்துக்கு ரத்தத்தில் ஊறியது. இவள் ஒரே நாளில் உடைத்துவிட்டாள், பெரியவர்களைவிடக் கெட்டிக்காரி. தம்பி மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விம்மினாள். சலவைக்காரன் கதவுப் பக்கம் திரும்பி, வாசலைத் தாண்டத் தயங்கி நின்ற அண்ணனைப் பார்த்து, ‘கேக்குது, கேக்குது’ என்று இரண்டு கையாலும் தன் காதுகளைப் பிடித்து ஆட்டினான். பிறகு அதே கையால் உள்ளே வா என்றான். தம்பியே வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

பின்னாலேயே நர்ஸம்மா புயலாக நுழைந்தார். “ஆஸ்பத்திரியா, சந்தையா? இங்க யாரு அப்படிக் கத்தினது?”

“நான்தான்” என்றார் விசிலார், ரகசியமாக.

“இல்ல சிஸ்டர், நான்தான்” என்றான் தம்பி, அதைவிட ரகசியமாக.